வெயில் படாத பக்கம்: ஏ-9 வீதி நிழலியலுக்கு ஒரு முன்னுரை

ஆய்வுச் சுருக்கம்

வன்னியில், ஏ-9 வீதி வழியே, வவுனியாவுக்கும் ஆனையிறவுக்கும் இடையில் பஸ்ஸில் பயணம் செய்யும் ஒருவர், முகத்தில் வெயில் படாமல் போய்ச் சேர எந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. கொண்டக்டரைக் கேட்டால் ஒரு சொல்லில் விடை சொல்லிவிடுவார். ஒரு சொல்லில் முடிகிற விடயத்துக்கு ஆய்வு என்று பெயர் வைக்க முடியாது. ஆகவே வானியல், குடித்தொகையியல், திரைச்சீலையியல் ஆகிய மூன்று துறைகளின் துணையோடு அதே விடையை இக்கட்டுரை நீண்ட வழியில் அடைகிறது. வழியில் இரண்டு விதிகளும், ஒரு மாயையும், ஓர் அநீதியும் கண்டுபிடிக்கப்பட்டன.

1. ஆய்வுக்களம்

பெருநகர வாழ்வின் சின்னச் சின்னப் பித்துகளைப் பற்றி உலகெங்கும் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. வன்னிக்கு அந்த இலக்கியத்தில் இடமில்லை. காரணம் வெளிப்படையானது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது வன்னியைச் சேர்ந்த முல்லைத்தீவு மாவட்டத்தின் சனத்தொகை ஓர் இலட்சத்தைத் தொடவில்லை. மாவட்டத்தின் பரப்போ 2,600 சதுர கிலோமீற்றரைத் தாண்டுகிறது. அப்போது சதுர கிலோமீற்றருக்கு நாற்பது பேர்கூட இல்லாதிருந்த இடத்தில் ஒருவர் முழங்கை இன்னொருவர் விலாவில் படுவதற்கு வாய்ப்பே குறைவு. முழங்கை படாத இடத்தில் நகரம் இல்லை.

ஆனால் இந்தக் கணக்கில் பஸ்ஸைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். பஸ்ஸின் நீளம் 11 மீற்றர், அகலம் இரண்டரை மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். தரைப்பரப்பு 27.5 சதுர மீற்றர். அதில் இருப்பவரும் நிற்பவருமாக அறுபது பேர் என்றால், சதுர கிலோமீற்றருக்கு ஏறத்தாழ இருபத்திரண்டு இலட்சம் பேர். உலகின் எந்த மாநகரமும் இந்த நெருக்கத்துக்குக் கிட்டவும் வராது. காலை ஆறரை மணிக்குத் தாண்டிக்குளத்தைக் கடக்கும் பஸ் ஒவ்வொன்றும், பரப்பளவில் சிறிய, நெருக்கத்தில் உலகிலேயே பெரிய நகரம். முன்பின் தெரியாதவரோடு தோள் உரசுதல், இடத்துக்குப் போட்டி, பக்கத்துக்காரரின் தொலைபேசிப் பேச்சைக் கேட்டும் கேளாததுபோல் இருத்தல் முதலான நகரப் பண்புகள் எல்லாம் அங்கே உண்டு. ஓமந்தையில் இறங்கியவுடன் அவை மறைந்துவிடும். இறங்கியவர் திரும்பவும் கிராமத்தவர்.

இந்த ஓடும் நகரத்தில் காணி விலை எதைக்கொண்டு தீர்மானிக்கப்படுகிறது என்று பார்த்தால், வெயிலைக்கொண்டுதான். யன்னலோரம், முன்வரிசை, சில்லுக்கு மேலே இல்லாத சீற்று எல்லாம் அடுத்தபடி.

2. மூலங்களும் முறையியலும்

இத்துறையில் எழுதப்பட்ட நூல் இல்லை. அறிவு முழுவதும் வாய்மொழியாகவே வருகிறது. தாய் மகளுக்குச் சொல்லி, மகள் தன்னோடு வேலைக்கு வருபவருக்குச் சொல்லி, அவர் பஸ்ஸில் பக்கத்தில் நின்றவருக்குச் சொல்லிப் பரவியது. "தங்கச்சி, அங்கால இராதேங்கோ, மாங்குளம் மட்டும் வெயில் அடிச்சுக்கொண்டு வரும், இஞ்சால வாங்கோ" என்பது இவ்வாய்வுக்குக் கிடைத்த முதன்மைத் தரவு. ஒரே வாக்கியத்தில் திசையும், காலமும், தூரமும், ஆலோசனையும் அடங்கியிருப்பதை வாசகர் கவனிக்க வேண்டும். பல்கலைக்கழக ஆய்வேடுகளில் இந்தச் சுருக்கம் கிடைப்பதில்லை.

தேர்ந்த பயணி ஒருவர் பஸ்ஸில் ஏறுமுன் செய்யும் அசைவுகளும் தரவாகக் கொள்ளப்பட்டன. முதலில் அவர் பஸ்ஸின் முன்கண்ணாடியில் உள்ள ஊர்ப் பெயரைப் பார்க்கிறார். பிறகு வானத்தைப் பார்க்கிறார். பிறகு பஸ் போகப்போகும் திசைக்குத் தன் உடலைத் திருப்பி, ஒரு கையைச் சிறிது உயர்த்தி இறக்குகிறார். பார்ப்பவருக்கு அவர் யாரையோ கும்பிட எண்ணிக் கைவிட்டதுபோல் தோன்றும். உண்மையில் அவர் ஒரு கோள வடிவக் கணக்கைச் செய்து முடித்துவிட்டார்.

நிழலைக்கொண்டு பெரிய விடயங்களை அளக்கலாம் என்பது புதிய எண்ணமும் அல்ல. ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முன், எகிப்தின் சியீன் நகரில் ஆண்டில் ஒரு நாள் நண்பகலில் நிழல் விழாது என்ற செய்தியையும், அதே நேரத்தில் அலெக்சாந்திரியாவில் விழும் நிழலின் சாய்வையும் வைத்து எரட்டோஸ்தனிஸ் பூமியின் சுற்றளவைக் கணித்தார். அவர் நிழலைக்கொண்டு பூமியை அளந்தார். வன்னிப் பயணி பூமி எப்படிச் சுற்றுகிறது என்பதைக்கொண்டு நிழலைப் பிடிக்கிறார். முயற்சி ஒன்றுதான், பயன் இரண்டாமவருக்கே உடனடியானது.

ஏ-9 வீதியில் அறிவியல் நகர் என்ற தரிப்பிடமே இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் அங்கேதான் உள்ளன. இந்த ஆய்வு முறைப்படி அங்கிருந்து வெளிவந்திருக்க வேண்டியது. பஸ்ஸின் பின்வரிசையிலிருந்து வெளிவருவதற்கு ஆய்வாளர் பொறுப்பல்ல.

3. முதலாம் விதி: வீடும் பக்கமும்

ஏ-9 கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடிகிறது. நீளம் ஏறத்தாழ 320 கிலோமீற்றர். அதில் வன்னிப் பகுதி ஏறக்குறைய நேர் வடக்கு. வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்குப் போகும்போது மேற்குப் பக்கம் சிறிதே சாய்கிறது, பத்துப் பாகைக்குள். இந்த அட்சக்கோட்டில் சூரியன் உதிக்கும் இடம் ஆண்டு முழுவதும் நேர்கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை வடக்கும் 24 பாகை தெற்குமாக நகர்கிறது. அவ்வளவுதான் அதன் ஆட்டம். ஆகவே மார்கழியானாலும் ஆனியானாலும் காலை வெயில் ஏ-9 பஸ்ஸின் ஒரு பக்கவாட்டில்தான் விழும். மாலை வெயில் மற்றப் பக்கவாட்டில். இத்தனை நேர்மையான வீதியை இயற்கை எல்லா மாவட்டங்களுக்கும் கொடுக்கவில்லை.

இதிலிருந்து பின்வரும் அட்டவணையை வாசகர் தாமே வருவித்துக்கொள்ளலாம். காலையில் வடக்கே போகிறவருக்கு வெயில் வலப்பக்கம். மாலையில் தெற்கே திரும்புகிறவருக்கும் வெயில் வலப்பக்கம். காலையில் தெற்கே போகிறவருக்கு வெயில் இடப்பக்கம். மாலையில் வடக்கே திரும்புகிறவருக்கும் இடப்பக்கம்.

முதலாம் விதி இதுதான்: வவுனியாவில் வீடும் கிளிநொச்சியில் வேலையும் உள்ளவர், போகும்போதும் வரும்போதும் இடப்பக்கமே இருக்க வேண்டும். கிளிநொச்சியில் வீடும் வவுனியாவில் வேலையும் உள்ளவர், போகும்போதும் வரும்போதும் வலப்பக்கமே இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்கு வேலைக்கு வருகிறவர், வன்னி எல்லைக்குள் வந்ததும், இரண்டாமவரோடு சேர்ந்தவர்.

இந்த விதியின் அழகு, அது நேரம் பார்க்காமல் இயங்குவதில் இருக்கிறது. ஒருவர் தன் வீடு எந்தப் பக்கம் என்பதை நினைவில் வைத்திருந்தால் போதும். கை தானாக வலது இடது பிரித்துவிடும். கப்பல் காலத்து வெள்ளைக்காரப் பிரயாணிகள் இந்தியாவுக்குப் போகும்போது இடப்பக்க அறையும் திரும்பும்போது வலப்பக்க அறையும் கேட்டு அதிகக் காசு கொடுத்தார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. அதற்கு ஆதாரமாக ஒரு பயணச்சீட்டுக்கூட அகப்படவில்லை. அகப்பட்டிருந்தாலும் பக்கம் மாறி மாறி ஞாபகம் வைக்க வேண்டிய தொல்லை அவர்களுக்கு. நம்முடைய ஆசிரியைகளுக்கும் கச்சேரி உத்தியோகத்தர்களுக்கும் தாதியருக்கும் ஒரே பக்கம், ஓய்வூதியம் மட்டும்.

விதியின் மறுபக்கமும் உண்டு. நிழல் கிடைக்காமல் நெடுங்காலம் வெயில் யன்னலில் இருந்துவிட்ட வவுனியாக்காரருக்கு வலக்கை கறுத்திருக்கும், கிளிநொச்சிக்காரருக்கு இடக்கை. சாதாரண யன்னல் கண்ணாடி புற ஊதாக் கதிரில் தோலை எரிக்கும் பங்கைப் பெரிதும் தடுத்து, கறுக்க வைக்கும் பங்கை உள்ளே விட்டுவிடுவதால், எரிவு தெரியாமலே நிறம் ஏறும். ஆகவே திருமண வீடொன்றில் ஒருவரின் சொந்த ஊரை விசாரிக்க விரும்புகிறவர், அவருடைய இரண்டு கைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். மேலும் எதையும் கேட்கத் தேவையில்லை.

கிளிநொச்சி 1984இல் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அன்றே அதற்குத் தனிக் கச்சேரியும், கச்சேரிக்கு உத்தியோகத்தரும், உத்தியோகத்தருக்குப் பஸ்ஸும் வேண்டியதாயிற்று. நிருவாக வரலாற்றாளர்கள் இதை அதிகாரப் பரவலாக்கம் என்று எழுதுவார்கள். நிழலியலில் இதன் பெயர் இடக்கை, வலக்கைப் பிரிவு.

4. இரண்டாம் விதி: மூன்றும் இரண்டும்

இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்ஸிலும் சாதாரணத் தனியார் பஸ்ஸிலும் பொதுவாக இடப்பக்கம் இருவர் இருக்கும் சீற்றும், றைவர் பக்கமான வலப்பக்கம் மூவர் இருக்கும் சீற்றும் போட்டிருக்கும். இதன் விளைவைப் பொருளியலாளர் எவரும் இதுவரை ஆராயவில்லை. காலையில் வடக்கே போகும் பஸ்ஸில் நிழல் இடப்பக்கம். அதாவது வரிசைக்கு ஐந்தில் இரண்டு சீற்றுக்கு மட்டும் நிழல். காலையில் தெற்கே போகும் பஸ்ஸில் நிழல் வலப்பக்கம். ஐந்தில் மூன்றுக்கு நிழல்.

ஆகவே வவுனியாக்காரருக்கு நிழல் அரிது, ஆனால் கிடைத்தால் இருவர் சீற்றில் வசதியாக இருக்கலாம். கிளிநொச்சிக்காரருக்கு நிழல் தாராளம், ஆனால் மூவரில் ஒருவராக நெருக்குப்பட வேண்டும். இயற்கை இரு நகரங்களுக்கும் இடையில் ஒரு சமநிலையைப் பேணியிருக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது. அந்தச் சமநிலை மூவர் சீற்றின் நடுவில் இருக்கிறவருக்குத் தெரிவதில்லை.

இங்கே கோணத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். மார்ச் கடைசியில் காலை 7 மணிக்குச் சூரியன் தொடுவானத்துக்கு மேலே 12 பாகை அளவில் இருக்கும். அந்தச் சாய்வு வெயில் யன்னலால் உள்ளே வந்து, பஸ்ஸின் முழு அகலத்தையும் கடந்து, நிழற்பக்கத்தில் வெற்றிப் பெருமிதத்தோடு இருப்பவரின் மடியில் போய் விழும். அந்த நேரத்தில் இரண்டு பக்கமும் ஒன்றுதான். 9 மணியாகும்போது சூரியன் 40 பாகைக்கு மேலே ஏறிவிடும். வெயில் யன்னலோரத்தவரையும் அவருக்கு அடுத்தவரையும் மட்டும் தொடும். 10 மணிக்குப் பிறகு யன்னலோரம் மட்டும். ஆகவே அதிகாலை பஸ்காரர் சூரியன் ஏறும்வரை பொறுமை காக்க வேண்டும். நிழல் என்பது அதன் பிறகுதான் நிழலாகிறது.

முன்வரிசைச் சீற்று மதகுருமாருக்கு என்று ஒதுக்கப்பட்டிருப்பது இந்த விதிக்குப் புறம்பானது. அங்கே பக்க யன்னல் வெயிலோடு முன்கண்ணாடி வெயிலும் சேரும். இன்பதுன்பங்களைச் சமமாகக் கொள்பவர்களுக்கே அந்த இடம் என்று முடிவெடுத்தவர் யாரோ, அவர் நிழலியலை ஆழ்ந்து கற்றவர்.

5. நிலைய மாயை

புதியவர்கள் தோற்கும் இடம் பஸ் நிலையம். பஸ் நிலையத்தில் நிற்கும்போது ஒரு பக்கம் நிழலாக இருக்கும். புதியவர் ஏறி, நிழல் கண்டு, மனம் குளிர்ந்து அங்கே அமர்வார். தேர்ந்தவர்கள் வெயில் அடிக்கும் பக்கத்தில் போய் இருந்து, பத்து நிமிடம் வியர்த்துக்கொண்டு, வாய் பேசாமல் காத்திருப்பார்கள். புதியவர் அவர்களை இரக்கத்தோடு பார்ப்பார்.

பிறகு பஸ் பின்னுக்கு எடுக்கும், திரும்பும், பிரதான வீதிக்கு ஏறும். ஒரே திருப்பத்தில் நிழல் இடம் மாறிவிடும். இப்போது இரக்கப் பார்வையும் இடம் மாறுகிறது. நிலையத்தின் நிழல் பஸ் நிறுத்தியிருக்கும் திசையைச் சொல்கிறது, பயணத்தின் திசையைச் சொல்வதில்லை. இதை இக்கட்டுரை "நிலைய மாயை" எனப் பெயரிட முன்மொழிகிறது.

இதன் நுட்பமான வடிவம் ஒன்று முறிகண்டியில் காணப்படுகிறது. ஏ-9இல் போகும் வாகனம் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் தாண்டுவதில்லை. பஸ் நிற்கும், றைவர் இறங்குவார், கற்பூரம், தேங்காய், அதன்பின் கச்சான். இறங்கியவர்கள் கச்சான் சரையோடு திரும்பி ஏறும்போது, வெயில் பக்கத்தில் இருந்த ஒருவர் நிழல் சீற்றில் இருந்துகொண்டு, "நீங்கள் இறங்கீட்டியள் எண்டு நினைச்சன்" என்பார். இதற்கு எதிரான ஒரே காப்பு சீற்றில் லேஞ்சி போட்டுவிட்டு இறங்குவது. பிள்ளையார் சந்நிதியில் லேஞ்சியை அகற்றிவிட்டு இருக்கும் துணிவு வன்னியில் எவருக்கும் இல்லை. ஆகவே முறிகண்டியில் லேஞ்சிக்குக் காணி உறுதியின் பெறுமதி உண்டு.

6. குறுக்கு வீதிகளின் சிக்கல்

வடக்குத் தெற்கு வீதியில் பயின்றவர் கிழக்கு மேற்கு வீதியில் தடுமாறுவார். பரந்தனிலிருந்து தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35 வீதி, மொத்தத்தில் கிழக்கிலிருந்து சற்றுத் தெற்கே சாய்ந்து போகிறது. வளைவுகளை விட்டுவிட்டு நேர்கோடு போட்டுப் பார்த்தால், மார்கழி மாதச் சூரியன் உதிக்கும் திசையும் அந்தக் கோடும் கிட்டத்தட்ட ஒன்று. அதே கோட்டின் மறுமுனை ஆனி மாதச் சூரியன் மறையும் திசை. அதாவது மார்கழிக் காலையில் முல்லைத்தீவுக்குப் போகும் றைவரின் கண்ணிலும், ஆனி மாலையில் பரந்தனுக்குத் திரும்பும் றைவரின் கண்ணிலும் சூரியன் நேராக இறங்கும். பயணிகளுக்கு அந்த நேரங்களில் இரு பக்கமும் நிழல். றைவர் எல்லோருக்குமாக வெயிலை வாங்கிக்கொள்கிறார். றிக்கற் காசில் இதற்குத் தனிக் கட்டணம் சேர்க்கப்படவில்லை.

நண்பகலில் சிக்கல் இன்னும் கூடும். வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டுதோறும் ஏப்ரல் முற்பகுதியில், இன்று சூரியன் இன்ன இன்ன ஊர்களுக்கு நேரே உச்சம் கொடுக்கிறது என்று அறிவிக்கத் தொடங்கும். தெற்கில் தொடங்கி நாளுக்கு நாள் வடக்கே ஏறி, சித்திரைப் புத்தாண்டை ஒட்டி அது கிளிநொச்சிக்கு வந்து சேர்கிறது. நண்பகல் 12.10 மணியளவில் நிமிர்ந்து நிற்பவரின் நிழல் காலடியிலேயே சுருண்டுவிடும். அன்று நிழலியலாளர்களுக்கு விடுமுறை. அதன்பின் ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் வன்னிக்கு வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே. முல்லைத்தீவுக்கு மத்தியானம் போகிறவர் சித்திரைக்கு முன் இடப்பக்கமும், சித்திரைக்குப் பின் வலப்பக்கமும் இருக்க வேண்டும். புதுவருடத்துக்குப் புடவை மாற்றுகிறவர்கள் பக்கமும் மாற்ற வேண்டும் என்பதே இதன் சாரம்.

ஆனையிறவைத் தாண்டி, பளைக்கு அப்பால், வீதி மேற்கே திரும்பிவிடுகிறது. ஆனி மாலையில் வலப்பக்கம் நிழல் என்று நம்பி வந்தவரின் கன்னத்தை முன்வலப் பக்கத்திலிருந்து வெயில் தொடும். அது யாழ்ப்பாணத்து ஆய்வாளர்களின் எல்லை. அவர்கள் அதைக் கவனித்துக்கொள்வார்கள்.

7. திரைச்சீலையும் பிற கருவிகளும்

நிழல் சீற்றை இழந்தவர் தோல்வியை ஏற்பதில்லை, கருவிகளை நாடுகிறார். கொப்பி, கோவை உறை, பாடசாலைப் பை, பத்திரிகையின் வாரமலர், குழந்தையின் துவாய் ஆகியவை யன்னல் கண்ணாடியில் செருகப்பட்ட நிலையில் அவதானிக்கப்பட்டன. சேலைத் தலைப்பை முக்காடாக்குவது மரபுவழித் தீர்வு.

திரைச்சீலை போட்ட பஸ்களில் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. அங்கே பிரச்சினை தொடங்குகிறது. ஒரு சீலை இரண்டு வரிசைகளுக்குப் பொதுவாக வரும். முன்னால் இருப்பவர் முன்னுக்கு இழுப்பார். பின்னால் இருப்பவர், "அக்கா, கொஞ்சம் பின்னுக்கு விடுறீங்களோ" என்பார். "ஓம் ஓம்" என்று நாலு விரல் அளவு விடப்படும். முன்னவர் கண்ணயர்ந்ததும் சீலை பின்னுக்குப் போகும். பின்னவர் கண்ணயர்ந்ததும் முன்னுக்கு வரும். ஒருவர் பெறும் ஒவ்வொரு அங்குலமும் மற்றவர் இழக்கும் அங்குலம். உலக நாடுகளின் எல்லைப் பேச்சுவார்த்தைகளில் இல்லாத ஒரு நாகரிகம் இதில் உண்டு: இருவரும் இறங்கும்வரை ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

காற்றும் இதில் ஒரு தரப்பு. சோளகம் வீசும் மாதங்களில் சீலையை மூடினால் காற்று நிற்கும். திறந்தால் வெயில் வரும். புழுக்கமா வெயிலா என்ற தெரிவில் வன்னி மக்கள் இரண்டாகப் பிரிந்திருக்கிறார்கள். இந்தப் பிளவுக்கு அரசியல் தீர்வு எதுவும் முன்வைக்கப்படவில்லை.

8. வரலாற்றுக் காலகட்டங்கள்

நிழலியலின் வரலாறு வன்னியின் வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாதது. காடு வீதியை இரு பக்கமும் நெருக்கி நின்ற காலத்தில் பாலையும் வீரையும் முதிரையும் எல்லோருக்கும் நிழல் கொடுத்தன. பக்கம் பார்க்கத் தேவையில்லை. யன்னலுக்குக் கண்ணாடியே இல்லாத தட்டிவானில் வெயிலோடு காற்றும் வந்ததால் முறைப்பாடும் இல்லை.

பொருளாதாரத் தடை நிலவிய தொண்ணூறுகளில் வாகனங்கள் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடின. பெரும்பாலானவர்களுக்குச் சைக்கிளே கதி. சைக்கிளுக்கு நிழற்பக்கம் கிடையாது. உழவு இயந்திரப் பெட்டியில் இருந்தபடி இடம்பெயர்ந்தவர்கள் எந்தப் பக்கம் வெயில் என்று கேட்கும் நிலையிலும் இருக்கவில்லை. அந்த ஆண்டுகள் இத்துறையில் வெற்றிடம்.

அதே காலத்தில் கடிகாரமும் குழம்பியது. 1996இல் கொழும்பு நாட்டின் நேரத்தை முன்னுக்கு நகர்த்தியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி பழைய நேரத்திலேயே நின்றது. போரால் மூடிக்கிடந்த ஏ-9 2002இல் திறந்த பிறகு ஓமந்தையில் சோதனைச் சாவடி கடந்தவர்கள் அரை மணி நேரத்தையும் சேர்த்துக் கடந்தார்கள். "புது நேரமோ பழைய நேரமோ" என்று கேட்காமல் எந்தச் சந்திப்பும் ஒழுங்காகவில்லை. 2006 ஏப்ரலில் கொழும்பு பழைய நேரத்துக்கே திரும்பியது; அதே ஆண்டு ஓகஸ்டில் வீதி மூடிக்கொண்டது. நேரம் ஒன்றான வீதியில் போக நாலு மாதம்தான் கிடைத்தது. இந்தப் பத்தாண்டுகளிலும் நிழல் எந்தத் தரப்பின் நேரத்தையும் பின்பற்றவில்லை என்பதை ஆய்வாளர் பதிவு செய்ய விரும்புகிறார்.

சாவடி இருந்த காலத்தில் நிழல் சீற்றின் பெறுமதி மிகக் குறைவு. எல்லோரும் பொதிகளோடு இறங்கி, ஒரே வெட்டையில், ஒரே வெயிலில் வரிசையில் நிற்க வேண்டும். நிழலில் வந்தவரும் வெயிலில் வந்தவரும் அங்கே ஒரே நிறம். திரும்ப ஏறும்போது எந்தப் பக்கம் என்று எவரும் பார்த்ததில்லை. ஏறக் கிடைத்ததே போதும். போருக்குப் பின்னும் நின்ற ஓமந்தைச் சாவடி 2015இல் அகற்றப்பட்டது. அதன் பிறகுதான் வவுனியாவில் இருந்த இடத்திலிருந்து எழும்பாமல் கிளிநொச்சி வரை போக முடிந்தது. நிழற்பக்கம் பார்த்து இருப்பது என்ற பித்து முழு வளர்ச்சி அடைந்தது இந்தக் காலத்திலேயே. அற்ப விடயங்களுக்காக முகம் சுளிக்கும் உரிமை ஒரு சமூகத்துக்குத் திரும்பக் கிடைத்த ஆண்டை எந்த வரலாற்று நூலும் குறிப்பதில்லை. ஆகவே இங்கே குறிக்கப்படுகிறது.

9. மறுப்புகளும் அவற்றுக்கு விடையும்

குளிரூட்டிய பஸ் வந்தபின் இந்த ஆய்வு எதற்கு என்று கேட்கலாம். குளிரூட்டிய பஸ்ஸிலும் முகத்தில் வெயில் படும். வித்தியாசம், ஒரு கன்னம் சுடும்போது மறு கன்னம் குளிரும்.

றெயினில் போனால் என்ன என்றும் கேட்கலாம். வடக்கு ரயில் பாதை வன்னியில் பெரும்பாலும் ஏ-9க்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கு மீண்டும் றெயின் வந்தபோது முதலாம் விதியும் அதில் ஏறியது. ஆனால் முற்பதிவு இலக்கம் வெயில் பார்த்துக் கொடுக்கப்படுவதில்லை. அதிட்டம் ஆய்வுக்கு உட்படாது.

கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போகிறவருக்கு வெயிலே இல்லையே என்பது மூன்றாவது மறுப்பு. உண்மை. ஆயினும் இரவு ஒன்பது மணிக்கு ஏறும்போதும் அவர் வானத்தைப் பார்த்து, உடலைத் திருப்பி, கையை உயர்த்தி இறக்கிவிட்டுத்தான் ஏறுகிறார். ஒரு பழக்கம் தன் காரணத்தை இழந்த பிறகும் நிலைத்தால் அதற்குப் பண்பாடு என்று பெயர்.

10. முடிவுகளும் பரிந்துரைகளும்

இதுவரை கண்டவற்றைத் தொகுத்தால் தலைப்பில் சொல்லாத ஒன்று வெளிப்படுகிறது. விதிகளைப் பயன்படுத்த வேண்டுமானால், ஏறும்போது இரண்டு பக்கமும் சீற்று இருக்க வேண்டும். அது வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் ஏறுகிறவருக்கே உண்டு. பஸ் புளியங்குளத்துக்கு வரும்போது நிழற்பக்கம் நிரம்பியிருக்கும். வெயில் பக்கத்தில் ஓரிரண்டு இருக்கும். கனகராயன்குளத்தில் அதுவும் இராது. அங்கே ஏறுகிற கமக்காரருக்கும், கிளினிக் கொப்பியோடு ஏறுகிற கர்ப்பிணிக்கும், மரக்கறி மூட்டையோடு ஏறுகிற அம்மாவுக்கும் முதலாம் விதி தெரிந்தும் பயனில்லை. வீட்டைப் பார்த்துப் பக்கம் அமையும் என்றோம். வீடு இரு நகரங்களுக்கும் நடுவில் இருந்தால் பக்கமே அமையாது.

எட்டு மணிக்குப் பின் பஸ்ஸுக்குள் எல்லாத் திசைக்கும் எல்லா மாதத்துக்கும் பெரும்பாலும் நிழலான ஓர் இடம் உண்டு. அது நடுவழி. அங்கே நிற்கிறவரின் முகம் யன்னலின் மேல்விளிம்புக்கு மேலே இருப்பதால் வெயில் எட்டாது. நடுவூர்க்காரருக்கு நிழல் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது, சீற்றுத்தான் இல்லை. நிழலும் சீற்றும் சேர்ந்து கிடைப்பது தொடக்க நிலையத்தாருக்கு மட்டுமே என்பது இவ்வாய்வின் இறுதி முடிவு.

பரிந்துரைகள் மூன்று. ஒன்று, பஸ்ஸின் முன்கண்ணாடியில் ஊர்ப் பெயருக்குக் கீழே அன்றைய நிழற்பக்கமும் எழுதப்பட வேண்டும். புதியவர்கள் நிலைய மாயையிலிருந்து தப்புவார்கள். இரண்டு, திரைச்சீலை வரிசைக்கு ஒன்றாகத் தைக்கப்பட வேண்டும். செலவு சில முழம் துணி. மூன்றாவது கொஞ்சம் கடினம். நடுவூர்க்காரரும் வானத்தைப் பார்த்துக் கையை உயர்த்தி இறக்கிப் பக்கம் தெரிய வேண்டுமானால், காலையில் மாங்குளத்திலிருந்து வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று, வெறும் பஸ்ஸாகப் புறப்பட வேண்டும். இதற்குச் சூரியனின் அனுமதி தேவையில்லை. நேர அட்டவணை போடுகிறவரின் கையொப்பம் போதும்.